தலைப்பாகை கட்டினால் தப்பா?

நெல்லை டவுன், வாகையடி முக்கு. காலை பத்து மணி. நல்ல கூட்டம். ஒருவர் நடந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலையில் வெள்ளைத் தலைப்பாகை. கழுத்துவரை பட்டன் போட்ட பழைய காலத்துக் கோட்டு. கீழே வேட்டி. கையில் வளைந்த பிடி போட்ட கைத்தடி.

டீக்கடைக்காரர் கேட்பார்: "என்ன அண்ணாச்சி, ஷூட்டிங்கா?"

பள்ளிக்கூடப் பையன் நண்பனை இடிப்பான்: "ஏல, பாரதியாரு போறாருல!"

பூ விற்கும் ஆச்சி முகம் மலர்வார்: "எங்க தாத்தா இப்படித்தான்யா கட்டுவாக."

இன்னொருவர் கேட்காமலே செல்போனில் படம் பிடிப்பார். மற்றொருவர், "கிறுக்குப் புடிச்சிருக்கு போல" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

உடை ஒன்றுதான். ஆனால் எத்தனை விதமான பேச்சு பாருங்கள்! அந்த மனிதர் யாருக்கும் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. பிறகு ஏன் இத்தனை சலசலப்பு? அணிபவரின் மனசு என்ன பாடுபடுகிறது? நம் வீட்டிலேயே தாத்தாவோ, மகளோ, மகனோ பழைய பாணியில் உடுத்த ஆசைப்பட்டால் நாம் என்ன செய்யவேண்டும்?

ஊர் முழுக்க நம்மையே பார்க்கிறதா?

வழக்கத்துக்கு மாறான எதுவும் கண்ணில் படத்தான் செய்யும். அது மூளையின் வேலை. பத்துப் பேர் ஒரே மாதிரி இருக்க, பதினோராவது ஆள் மாறுபட்டால் கண் தானாக அங்கே போகும். பார்ப்பது வேறு, பழிப்பது வேறு. ஆனால் அணிந்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். "எல்லாரும் என்னையே பார்க்குறாங்க... சிரிக்குறாங்க" என்று உள்ளுக்குள் ஓர் உதறல்.

இந்த உதறலை ஒரு சோதனை அளந்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களுக்கு, அவர்கள் வயதினர் போட வெட்கப்படும் ஒரு பாடகரின் படம் அச்சிட்ட பனியனைப் போட்டுவிட்டார்கள். பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், "உன் பனியனில் இருப்பது யார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்!

நாம் நினைப்பதில் பாதி அளவுக்குத்தான் ஊர் நம்மைக் கவனிக்கிறது. கவனித்தவர்களும் அடுத்த தெரு திரும்புவதற்குள் தங்கள் கவலைக்குப் போய்விடுவார்கள். கூச்சப்படுகிறவர்கள் இதை மனசில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு ஆய்வும் உண்டு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டது. இத்தாலியின் மிலான் நகரில் விலை உயர்ந்த கடைகளின் விற்பனையாளர்களிடம் கேட்டார்கள். பகட்டாக உடுத்தி வருபவரைவிட, உடற்பயிற்சி உடையில் சாதாரணமாக வருபவர்தான் அதிகம் வாங்கக்கூடியவர் என்று அவர்கள் கணித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை இருப்பதையும் அந்த ஆய்வு கண்டது. அந்த ஆள் தெரிந்தே, விரும்பியே மாறுபடுகிறார் என்று பார்ப்பவருக்குத் தோன்றவேண்டும். அப்போதுதான் மரியாதை கூடுகிறது. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தால் கேலி. நிமிர்ந்து, "என்ன வேய், சௌக்கியமா?" என்று நாமே முதலில் கேட்டுவிட்டால் பாதிக் கேலி அங்கேயே அடங்கிவிடும்.

பரிவட்டமும் துண்டும்

மற்ற உடைகளைவிடத் தலையில் வைப்பதற்கு ஏன் இத்தனை கவனிப்பு? நம் பேச்சு வழக்கைப் பாருங்கள். கோயிலில் மரியாதை என்றால் பரிவட்டம் கட்டுவார்கள். கல்யாணத்திலும் துக்கத்திலும் உறவுமுறை பார்த்து உருமால் கட்டுகிற வழக்கம் பல சமூகங்களில் உண்டு. கடனில் மூழ்கியவன் "தலையில் துண்டு போட்டுக்கொண்டு" போகிறான். ஏமாற்றுகிறவன் "குல்லா" போடுகிறான். மானம், அவமானம், ஏமாற்று... மூன்றுமே தலைத்துணியில்தான் இருக்கின்றன.

காரணம் உண்டு. நம் பக்கத்தில் ஒரு காலத்தில் உடை என்பது அவரவர் விருப்பம் அல்ல. யார் தோளில் துண்டு போடலாம், யார் செருப்பு அணியலாம், யார் குடை பிடிக்கலாம், யார் தலைப்பாகை கட்டலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பெரியவர் எதிரே வந்தால் தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டவேண்டும். மீறினால் அடி, உதை.

நெல்லைக்குத் தெற்கே, அன்றைய தென் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகவே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று நாம் படிப்பது அதைத்தான். 1859-இல் மன்னரின் அறிவிப்பு வந்த பிறகே நாடார் பெண்கள் மேலுடலை மறைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு!

அதே மண்ணில் சுவாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809-1851), தலைப்பாகை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபட வரச்சொன்னார். இன்றும் சுவாமித்தோப்பிலும், நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து நிழல் தாங்கல்களிலும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் வழிபடுகிறார்கள். அவர்களுக்கு அது வெறும் துணி அல்ல. தலைநிமிர்வு.

தாமிரபரணிக் கரையில் இன்றைக்கும் ஒருவரின் தலையையும் தோளையும் பார்த்து "இவரு யாரு, எந்தூரு, என்ன ஆளு?" என்று சிலர் கணக்குப் போடுவது அந்தப் பழைய பழக்கத்தின் மிச்சம்தான்.

பாரதிக்கு வந்த கேலி

எட்டயபுரத்தில் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர் சுப்பிரமணிய பாரதி. 1898-இல் காசிக்கு அத்தை வீட்டுக்குப் போனார். அங்கே குடுமி போனது, மீசை வந்தது, தலைப்பாகை ஏறியது. ஆசாரம் பார்க்கும் அத்தையின் கணவர் கிருஷ்ண சிவனுக்கு இந்தக் கோலம் பிடிக்கவில்லை என்று பாரதியின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு, 1918 இறுதியில் புதுவையிலிருந்து வெளியேறி, கைதாகி விடுதலையான பாரதி, மனைவியின் ஊரான கடையத்துக்கு வந்தார். பொதிகை மலை அடிவாரக் கிராமம். அவருடைய தோற்றமும் போக்கும் அக்கிரகாரத்து வழக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. விசித்திரப் பிறவியாகத்தான் அவரைப் பார்த்தார்கள்.

இன்றைக்கு என்ன நடக்கிறது? எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டி என்றால் முதல் பெயர் பாரதிதான். வெள்ளைத் துண்டை முண்டாசாகச் சுற்றி, மையால் மீசை வரைந்தால் போதும். மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கூட "பாரதி!" என்று கைதட்டுகிறோம். அன்று முகம் சுளிக்க வைத்த அதே தலைப்பாகை, இன்று பரிசு வாங்கித் தருகிறது. துணி மாறவில்லை. பார்க்கும் கண்தான் மாறியிருக்கிறது.

காந்திஜிக்கும் இந்த அனுபவம் உண்டு. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் தொப்பியையும் சட்டையையும் துறந்து அரையாடைக்கு மாறினார். அவருக்கே தயக்கம் இருந்தது. முதலில் அக்டோபர் 31 வரை என்றுதான் சொல்லிப் பார்த்தார். பிறகு அதுவே வாழ்நாள் உடையானது. பத்து வருஷம் கழித்து இங்கிலாந்தில் சர்ச்சில் அந்த உடையை ஏளனம் செய்தார். ஏளனத்தால் உடை போகவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்ததற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே சென்னையில் ஒரு கிளப்புக்குள் அனுமதிக்கவில்லை. நம்ம ஊர் வேட்டிக்கு நம்ம ஊரிலேயே தடை! அதே ஆண்டு தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டி போன்ற நம் பாரம்பரிய உடையைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் அனுமதி மறுத்தால் சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு.

விளையாட்டு வினையாகும்போது

"சும்மா கிண்டலுக்குத்தானே?" என்று கேட்கலாம். 1922 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். கோடை முடிந்ததும், செப்டம்பர் 15-க்குப் பிறகு ஆண்கள் வைக்கோல் தொப்பி போடக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி. அந்த ஆண்டு, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே இளவட்டங்கள் கிளம்பிவிட்டார்கள். தொப்பிகளைப் பிடுங்கி மிதித்தார்கள். எதிர்த்தவர்களை அடித்தார்கள். தெருச் சண்டை சில நாட்கள் நீடித்தது. சிலர் ஆஸ்பத்திரிக்கும், சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். எல்லாம் ஒரு தொப்பிக்காக!

2007-இல் இங்கிலாந்தில் சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண், கறுப்பு உடையும் வித்தியாசமான அலங்காரமும் கொண்டிருந்த ஒரே காரணத்துக்காகப் பூங்காவில் தாக்கப்பட்டு இறந்துபோனார். 2013-இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, இப்படி உடை பாணியைக் குறிவைக்கும் தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகவே பதிவு செய்யத் தொடங்கியது.

அப்படியானால் உடம்பில் எதைக் கட்டினாலும் சரியா? ஒரு வித்தியாசம் இருக்கிறது. நெல்லைச் சீமையில் பள்ளிப் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறம் என்று மணிக்கட்டில் கயிறு கட்டி வந்ததை நாம் அறிவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024-இல் அவர் கொடுத்த அறிக்கை அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று கட்டுவது ரசனை. "உன்னைவிட நான் உசத்தி" என்று காட்டக் கட்டுவது ரசனை அல்ல, மிரட்டல்.

முதல் கேலி வீட்டில்தான்

தெருவில் போகிறவர் சிரித்தால் ஐந்து நிமிஷத்தில் மறந்துபோகும். வீட்டில் சிரித்தால் மறக்காது.

"தாத்தா, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு இந்த முண்டாசோட வராதீங்க. பிரெண்ட்ஸ் சிரிப்பாங்க." பேரன் சொன்னதும் தாத்தா பேசாமல் அவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு வெளியே வருவதையே குறைத்துக்கொள்வார். முதுமையில் தனிமை மனச்சோர்வை எளிதில் வரவழைக்கும். உடம்புக்கும் நஷ்டம். சித்திரை, வைகாசி வெயிலில் பருத்தித் தலைப்பாகை ஒரு நிழற்குடை. வயதானவர்களின் உடம்பு வெப்பத்தைச் சமாளிப்பதில் சிரமப்படும். வழுக்கைத் தலை என்றால் வெயில் நேரடியாகவே சுடும். நம் முன்னோர் வயலில் துண்டை நனைத்துத் தலையில் சுற்றியதில் அர்த்தம் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது தலை குளிர்கிறது.

அடுத்து இளசுகள். மகள், பாட்டியின் கண்டாங்கிச் சேலையையும் பழைய மாடல் கைவைத்த ரவிக்கையையும் தேடி எடுக்கிறாள். மகன், தாத்தாவின் ஃபெல்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு காலேஜுக்குக் கிளம்புகிறான். "இது என்ன கோலம்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று பாயாதீர்கள். 'நான் யார்?' என்று தேடிப் பார்க்கும் வயது அது. உடையில் தேடுவது ஆபத்தில்லாத தேடல். "இது எங்கம்மா வளைகாப்புக்குக் கட்டினது தெரியுமா?" என்று அந்தச் சேலையின் கதையைச் சொல்லுங்கள். வீரவநல்லூர் தறியில் நெய்த செடிபுட்டா சேலை பெட்டியில் இருந்தால் அதையும் எடுத்துக் கொடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர்ச் சேலை அது!

எப்போது கவனிக்க வேண்டும்?

விதவிதமாக உடுத்துவது நோய் அல்ல. ஆனால் ஒருவருடைய வழக்கம் திடீரென்று மாறினால், கூடவே வேறு மாற்றங்களும் தெரிந்தால், கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

* முதியவர் சட்டைமேல் சட்டை போடுகிறார், கடும் கோடையில் கோட்டைக் கழற்ற மறுக்கிறார், பட்டன் போடத் தடுமாறுகிறார், மறதியும் இருக்கிறது என்றால் அது மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம்.

* திடீரென்று பளபளவென்று உடுத்துகிறார், தூக்கமே இல்லை, ஓயாத பேச்சு, கண்டபடி செலவு என்றால் மன எழுச்சி நோயா என்று பார்க்கவேண்டும்.

* குளிக்காமல், மாற்றாமல் ஒரே உடையில் சோர்ந்து கிடந்தால் மனச்சோர்வாக இருக்கலாம்.

* பிள்ளை எந்நேரமும் முழுக்கைச் சட்டையோ தொப்பியோ போட்டு எதையோ மறைத்தால், தனியாக உட்கார்த்தி அன்போடு விசாரியுங்கள். காயமாக இருக்கலாம். புழுவெட்டால் முடி கொட்டியிருக்கலாம்.

இப்படிச் சந்தேகம் வந்தால் கேலியும் வேண்டாம், மந்திரிப்பும் வேண்டாம். டாக்டரிடம் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பெட்டியைத் திறக்கும் முன்...

பழைய துணி ஆசை வந்துவிட்டதா? சில எச்சரிக்கைகள்.

* டிரங்குப் பெட்டியில் பாச்சா உருண்டை போட்டு வைத்த துணிகளை அப்படியே உடுத்தாதீர்கள். துவைக்கக்கூடியதைத் துவைத்து, நன்றாகக் காற்றாட உலர்த்துங்கள். முக்கியமாக, கைக்குழந்தைக்குப் போடவோ போர்த்தவோ கூடாது. அந்த உருண்டையில் உள்ள நாப்தலின், 'ஜி6பிடி' என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, ரத்தசோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும்.

* பழைய துணித் தூசியும் பூஞ்சைக் காளானும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. உதறும்போது அவர்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

* தலைப்பாகையோ தொப்பியோ இறுக்கமாக இருந்தால் தலைவலி வரும். கழற்றியதும் விட்டுவிட்டால் காரணம் அந்த இறுக்கம்தான். தினமும் முடியை இழுத்து இறுகக் கட்டினால் நெற்றி ஓரத்தில் முடி கொட்டும்.

* தலைப்பாகைத் துணியைத் தினமும் துவையுங்கள். ஈரத்தலையில் கட்டினால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரும்.

* கம்பளிக் கோட்டு நெல்லை வெயிலுக்குச் சரிவராது. வேர்க்குரு, படர்தாமரை வரும். பழைய பாணி பிடித்தால் பருத்தியில் தைத்துக்கொள்ளுங்கள்.

* பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். இடுப்புத் தோல் கறுத்து, புண்ணாகி ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ரொம்ப நாள் ஆறாத புண் அபூர்வமாகப் புற்றுநோயாக மாறக்கூடும்.

* தலைப்பாகை கண்ணுக்கு நிழல் தராது. வெயிலில் அலைபவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பி கண்ணையும் காக்கும்.

* வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்தான். பாரம்பரியத்தை இறங்கிய பிறகு கட்டிக்கொள்ளலாம்!

நாம் பார்ப்பவராக இருந்தால்?

பார்க்கலாம், முறைக்க வேண்டாம். பிடித்திருந்தால், "நல்லாருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிடுங்கள். காசா, பணமா? படம் எடுக்க ஆசை வந்தால் அனுமதி கேளுங்கள். குழந்தை விரல் நீட்டிச் சிரித்தால் அதட்டாமல், "அவுக அப்படி கட்டிருக்காக, அழகா இருக்குல்ல?" என்று சொல்லிக் கொடுங்கள்.

முக்கியமான ஒன்று. விளையாட்டுக்குக்கூட அடுத்தவர் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்காதீர்கள். உள்ளே புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டிய தலை இருக்கலாம். ஆறாத தழும்பு இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அப்போதும் அது அவருடைய தலை!